பச்சை மட்டும்

சவப்பெட்டியை மூட வந்தவர்களை நிறுத்திவிட்டு, பீற்றிஸ் அறைக்குள் ஓடிக் கணவர் வின்சன்றின் போனை எடுத்துவந்தாள்.

"இதையும் உள்ளுக்கு வைப்பமா மனே? இது இல்லாம இருக்க மாட்டாரே."

"வேணாம் அம்மா. நான் வச்சிருக்கன்" என்றான் டினேஷ்.

வின்சன்றுக்கு அப்படியொரு பைத்தியம். ஏழு பேர் ஏழு நாடுகளாகி, கூட்டுச் சேர்ந்தும் காலை வாரியும் ஊர் பிடிக்கும் இணைய விளையாட்டு. முதலில் தகப்பனும் மகனும் பேசி ஆடும் வகையைத்தான் ஆடினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் டினேஷ், "உங்கட ஊர்களைத் தொடமாட்டன், சத்தியம்" என்று எழுதிவிட்டு, அன்றைக்கே தகப்பனின் மூன்று ஊர்களைப் பிடித்தான்.

"விளையாட்டுத்தானே அப்பா!"

"விளையாட்டெண்டா ஏன் சத்தியம் பண்ணினாய்? கதைச்சாப் பொய்தான் வரும். இனி எனக்குக் கதையில்லாத ஆட்டம் போதும்."

வீட்டிலும் அப்படியே ஆகிப்போனது. அவன் இருந்த வந்தாறுமூலையிலிருந்து வீட்டுக்கு அரை மணிப் பயணம்தான். டினேஷ் வரவில்லை. ரோசம் இருவருக்கும் ஒரே அளவு.

இரண்டு மாதத்துக்கு முன், அம்மாவின் வாயைக் கிண்டி அப்பா ஆடும் ஆட்டத்தைக் கண்டுபிடித்தான். நாளுக்கு ஒரு நகர்வு, மாலை ஐந்து மணிக்கு. பேச்சு இல்லை; முடியும்வரை பெயரும் தெரியாது. அப்பாவின் நாடு நீலம். யாரோ பாதியில் விட்டுப்போன பச்சை நாட்டைச் சொந்தப் பெயரிலேயே எடுத்தான். நீலத்தை ஒருநாளும் தொடவில்லை. சில நாட்களில் நீலமும் பச்சைக்கு முட்டுக்கொடுக்கத் தொடங்கியது. முடிவில் பெயரைப் பார்த்து அப்பா கூப்பிடுவார் என்று அவன் நம்பியிருந்தான்.

அடக்கம் முடிந்து வந்தபோது நாலே முக்கால். வாவிக்கரையிலிருந்த அப்பாவின் வீட்டில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டினேஷின் சட்டைப்பையில் இரண்டு போன்களும் ஐந்து மணி நகர்வை நினைவூட்டி ஒன்றாக ஒலித்தன.

"ஆரு மனே?"

"ஒருத்தரும் இல்லம்மா."

அப்பாவின் போனைத் திறந்தான். ஏழு பேரும் சமநிலைக்குச் சம்மதித்தால் ஆட்டம் முடியும். நீலம் பத்து நாளைக்கு முன்பே சம்மதித்திருந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சம்மதித்திருந்தார்கள். பச்சை மட்டும்தான் பாக்கி.

அது அவனுக்குத் தெரியாததல்ல. முடிந்துவிட்டால் அப்பாவோடு இருக்கும் அந்த ஐந்து மணியும் போய்விடுமே என்று பயந்தான். பெயரைப் பார்த்தும் அவர் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தான். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் தள்ளினான். நேற்று விடிய அப்பாவின் நெஞ்சு நின்றுபோனது.

"தேத்தண்ணி குடிக்கிறியா மனே?"

"ஓம்."

தன் போனை எடுத்துச் சம்மதத்தை அழுத்தினான். அப்பாவின் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நீலம், வின்சன்ற். பச்சை, டினேஷ்.

சற்று நேரத்தில் அந்தத் திரை மங்கியது. டினேஷ் விரலால் தொட்டு அதை எரியவைத்தான். திரும்பவும் மங்கியது. திரும்பவும் தொட்டான்.