இடது கைக்கான பொத்தான்கள்

ஆட்டம் திறந்ததும் முரளி இடது கையை விசைப்பலகையின் மேல் வைத்தான். திரையில் வில்லேந்தி நின்றவன் அசையவே இல்லை. காலையிலிருந்து அக்கா ரூபா மாற்றி மாற்றி எழுதிய பொத்தான்கள் மறுபடியும் பழையபடிக்கே திரும்பியிருந்தன.

"விட்டுடுக்கா," என்றான் தம்பி. "கையே போச்சு. இதுவும் போவட்டும்."

பாகாலா ரோட்டில் பைக் சறுக்கி விழுந்ததில் அவனுடைய வலது கை தோளிலிருந்து செயலற்றுப் போனது. திருப்பதியில் படித்துக்கொண்டிருந்தவனை சொந்த ஊரான வெதுருகுப்பத்துக்கு அழைத்து வந்த நாளிலிருந்து யாரோடும் பேச்சில்லை. சோறு வைத்தால் இரண்டு வாய். அதோடு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். நேற்றுதான் முதன்முதலாக, "ஒத்தைக் கையில ஆட முடியுமான்னு பாக்கணும்" என்றான். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு ரூபா சித்தூர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுத் தன் லேப்டாப்பில் ஆட்டத்தை ஏற்றினாள்.

ஓட, குதிக்க, அம்பு விட என்று எல்லாவற்றையும் இடது கை விரல்களுக்கு எட்டும்படி, ஆட்டத்தின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் மாற்றிச் சேமிப்பாள். ஆட்டத்தைத் திறந்தால் ஃபைல் மாறிவிடும். யாரும் திருத்த முடியாதபடி அதைப் பூட்டிப் பார்த்தாள். அப்படியும் மாறியது. ஆட்டத்தையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினாள். அதே கதி.

முரளி போய்ப் படுத்துவிட்டான்.

"இருடா, இன்னொரு வாட்டி பாத்துடலாம்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். இருவரையும் பெற்ற நைனா கங்கையா கதவோரம் நின்று, "பையன் துன்னானா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். அழுகை முட்டியது. இதுவும் கைவிட்டால் இனி அவன் எதையுமே கேட்கமாட்டான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபைலை மறுபடி திறந்தாள். அப்போதுதான் உறைத்தது. அதில் இருந்தவை புது ஆட்டத்தோடு வரும் பொத்தான்கள் அல்ல. இரண்டு கையும் இயங்கியபோது முரளி தனக்கென்று அமைத்துக்கொண்டவை. அப்படியானால் ஆட்டத்தில் அவன் கணக்கு வேறொரு கம்ப்யூட்டரில் இன்னும் திறந்திருக்கிறது. அங்கிருக்கும் ஃபைல்தான் ஆன்லைன் வழியாக வந்து இதை அழிக்கிறது. அவனுடைய பழைய கம்ப்யூட்டர் திருப்பதி ரூமில், கூடப் படித்த பாபுவிடம் கிடந்தது.

போன் போட்டாள்.

"பாபு, முரளி கணக்குல நீ ஆடிக்கினு இருக்கியா?"



"ஆடலக்கா. தினம் தொறந்து வெக்கிறேன், அவ்ளோதான். ரொம்ப நாள் யாரும் வரலேன்னா அவன் கட்டின கோட்டைய ஆட்டமே இடிச்சிடும். அவன் போனும் எடுக்கல. நான் வேற இன்னாக்கா பண்றது?"

ரூபாவால் கோபப்பட முடியவில்லை. "அங்க கணக்க மூடிட்டு வெளிய வந்துடு பாபு. கோட்டைய இனிமே அவனே பாத்துக்குவான்."

ஆன்லைனில் இருந்த பழைய பிரதியையும் அழித்தாள். எழுதினாள், சேமித்தாள், திறந்தாள். மூடிவிட்டு இன்னொரு முறை திறந்தாள். அப்படியே இருந்தது.

முரளியை எழுப்பி உட்காரவைத்து, பாபு சொன்னதைச் சொன்னாள். அவன் லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். இடது கை தடுமாறியது. வில்லாளி மதிலில் முட்டினான், அகழியில் விழுந்து செத்தான். மறுபடி எழுந்தான், மறுபடி விழுந்தான். முரளி பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தான்களைக் குத்தினான். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. ரூபா துப்பட்டாவால் ஒற்றினாள்.

"தள்ளுக்கா, மறைக்குது," என்றான் எரிச்சலோடு. பிறகு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "பாபுவுக்குப் போன் போடு. இந்த அகழியத் தாண்ட ஒரு ஆள் வேணும்," என்றான்.