இரவல் குருவி

மாக்கிறேற் என்னைக் கள்ளி என்று சொன்னது அறுபத்தெட்டாம் ஆண்டு ஆவணி மாதத்தில். களவு போனது கோழியுமில்லை, கொடியில் காய்ந்த சேலையுமில்லை. குருவி. அவளுடைய வீட்டு வளவுக்கு வந்துகொண்டிருந்த குருவிகளை நான் என்னவோ தின்னக் கொடுத்து என் வளவுக்கு இழுத்துக்கொண்டேனாம். நாரந்தனையில் அப்படி ஒரு வழக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி. வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு. உப்பு, புளி, அடுப்புத் தணல், ஊர்ப் புதினம் எல்லாம் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் போய்வரும். அவள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, நான் சைவக்காரி. யேசு பிறந்த நத்தாருக்கு அவளுடைய பலகாரம் இங்கே வரும், தைப்பொங்கலுக்கு என்னுடைய புக்கை அங்கே போகும். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் குறைவில்லை என்று அவள் சொல்லுவாள், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அவளுடைய மனிசன் மரியநாயகம் அண்ணை ஒரு காலத்தில் கடலையே கலக்கிய மனிதர். கூத்தில் ராசா வேசம் கட்டினால் குரல் கரம்பன் வரைக்கும் கேட்கும். கண்ணில் வெள்ளை படர்ந்த பிறகு கடலும் போச்சு, கூத்தும் போச்சு. பின்வளவு வேப்பமரத்தின் கீழ் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பொழுது முழுவதும் இருப்பார். பக்கத்தில் ஒரு மரக்குற்றி. அதன்மேல் மாக்கிறேற் வைக்கிற சோறு ஒரு ஓட்டில், தண்ணீர் ஒரு உடைந்த சட்டியில். குருவிகள் வரும். கண் தெரியாவிட்டாலும் எது எது என்று சத்தத்தில் சொல்லுவார். கரிச்சான் ஒன்று வரும். அது முதலில் ஒரு அடி பாட, மற்றதெல்லாம் பின்னால் கத்தும். கூத்துப் பழக்குகிற ஆசானைப்போல அதற்கு அவர் ‘அண்ணாவியார்’ என்று பெயர் வைத்திருந்தார். மனிசரோடு கதைப்பதைக் காட்டிலும் அண்ணாவியாரோடு கதைத்ததுதான் கூட.

மாக்கிறேற்றுக்கு அதில் வந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

“பாத்தீங்களோ அக்கா, என்ர கைச்சோறு! ஒரு பிடி கொண்டந்து வைச்சால் காணும், புலுனி, கொண்டைக்குருவி, அடைக்கலங்குருவி எல்லாம் வரிசையிலை நிக்கும். உங்கட வளவுக்குக் காகம்தானே வருகுது,” என்பாள்.

“எனக்குக் காகம் காணும். சனிக்கிழமை விரதத்துக்கு அதுதான் வேணும். நீர் உம்மட குருவியளை வைச்சுக்கொள்ளும்,” என்று நானும் சொல்லுவேன். உள்ளுக்குள் எரிச்சல்தான். என் சோற்றில் என்ன குறை?

ஒருநாள் பொட்டடியில் கிடுகு கட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் கண்டேன். மாக்கிறேற் மத்தியானச் சாப்பாட்டோடு அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள். அவர் காது கொடுத்துப் பார்த்தார். பிறகு குற்றியில் இருந்த சட்டியைத் தடவி எடுத்து, அதற்குள் இருந்த தண்ணீரை வேப்பமரத்தடியில் கவிழ்த்துவிட்டு, செம்புத் தண்ணீரை அதற்குள் ஊற்றி வைத்தார். அண்ணாவியார் உடனே இறங்கிவிட்டார்.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். எங்கள் தீவில் இந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், அதுவும் சவுக்காரம் மனம் வைத்து நுரைத்தால். குடிப்பதற்கு என்றால் சந்தி தாண்டி வயல்கரைக் கிணற்றுக்குப் போய்க் குடத்தில் சுமந்து வரவேண்டும். அதைத்தான் நல்ல தண்ணீர் என்போம். குடிக்க, தேத்தண்ணி போட, அவ்வளவுதான். அதில் கால் கழுவின ஒருத்தியை மாமியார் தாய்வீட்டுக்கு அனுப்பின கதையும் ஊரில் உண்டு. மாக்கிறேற் தினமும் விடிய எழும்பிப் போய்ச் சுமந்து வருவாள். ஒவ்வொரு குடம் இறக்கும்போதும் “மாதாவே, என்ர இடுப்பு!” என்று ஊருக்கே அறிவிப்பாள். சோறு வைத்தது அவள்தான். சட்டியில் அவள் ஊற்றியது கிணற்று உவர்த் தண்ணீர். குருவிக்கு அது போதும் என்பது அவளுடைய எண்ணம். எல்லாருடைய எண்ணமும் அதுதான்.

பிறகு அண்ணைக்கு யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் கண் படலத்தை வெட்டி எடுப்பதற்கு நாள் குறித்தார்கள். போவதற்கு முதல்நாள் அவர் பொட்டடிக்குத் தடவித் தடவி வந்தார்.

“தங்கச்சி, நான் வருமட்டும் உம்மட வளவிலை ஒரு சட்டியிலை கொஞ்சம் நல்ல தண்ணி வைச்சுவிடும். இந்த வெயில் காய்ச்சலுக்கு அதுகள் எங்க போகும்? மாக்கிறேற்றுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். அவ இடுப்பொடியச் சுமக்கிற தண்ணி. குருவிக்கு ஊத்தினனான் எண்டு தெரிஞ்சால் என்னை ஆஸ்பத்திரியிலையே விட்டிடுவா.”

“உங்களுக்கென்ன விசரே அண்ணை? அப்ப நீங்கள் எதைக் குடிச்சனீங்கள்?”

“கிணத்துத் தண்ணிதான். கடலிலை கிடந்த உடம்பு. உப்பு என்னை என்ன செய்யப்போகுது?” என்று சிரித்தார்.

நயினாதீவு அம்மாளாச்சிமேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனார். பாருங்கள், ஊரில் எத்தனையோ பேர் இருக்க, இரகசியம் காக்க அவருக்குக் கிடைத்த ஆள் நான். உலை கொதிக்கிற நேரம் வரைக்கும் என் வாயில் ஒரு கதை நின்றதாகச் சரித்திரம் இல்லை.

சட்டி வைத்தேன். அவ்வளவுதான், பட்டாளம் முழுவதும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. முதலில் புலுனிகள் கலகலவென்று வந்து குளித்துக் கூத்தடித்தன. பிறகு கொண்டைக்குருவி. பின்னேரம் அண்ணாவியார் என் முருங்கையில் ஏறி வாலைத் தூக்கிக்கொண்டு பாடத் தொடங்கினார். வேலிக்கு அந்தப் பக்கம் மாக்கிறேற்றின் குற்றியில் காகம் மட்டும்.

அவள் விடுகிறவளா? குறுணல் போட்டாள், தேங்காய்ப்பூ போட்டாள், பாண் துண்டைத் தேத்தண்ணியில் நனைத்துப் போட்டாள். கதலி வாழைப்பழம்கூட உரித்து வைத்தாள். ஒரு கொண்டைக்குருவி போய்ப் பழத்தில் இரண்டு கொத்து கொத்திவிட்டு, சட்டியில் வாயை வைத்துப் பார்த்து, தலையை உதறிக்கொண்டு நேரே என் பக்கம் பறந்து வந்தது. அதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் பிழையாய்ப் போனது.

“சிரிக்கிறியளோ? என்ர மனிசன் இல்லாத நேரம் பாத்துக் குருவியைக் களவெடுத்துப்போட்டுச் சிரிக்கிறியளோ? என்ன வசியம் வைச்சனீங்கள்?”

“நான் ஒண்டும் வைக்கேல்லை மாக்கிறேற்.”

“கள்ளி!” என்றாள். அன்று பின்னேரமே இரண்டு கிடுகைக் கொண்டுவந்து பொட்டை அடைத்துக் கட்டிவிட்டாள்.

நாரந்தனையில் பொட்டு அடைப்பது என்றால் சின்ன விசயமில்லை. அடைத்த பொட்டு பிள்ளைகள் காலம் வரைக்கும் அடைத்தபடி கிடந்த குடும்பங்கள் இருக்கின்றன.  ஒரு வார்த்தை சொன்னால் தீரும், ஆனால் சத்தியம் நடுவில் நிற்கிறது.

கதைக்காமல் இருக்க அவளாலும் ஏலாது. அதனால் வேலியோரம் ஆட்டைக் கட்டிவைத்து ஆட்டுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிச் செய்தியெல்லாம் ஆட்டின் மூலமாகத்தான் எனக்கு வந்தது. வெட்டு நல்லபடி முடிந்ததாம். இரண்டு கண்ணையும் மூடிக் கட்டியிருக்கிறார்களாம். ஒருநாள் அவளுடைய குரல் வேறாக இருந்தது.

“கேட்டியே ஆடே, மனிசன் இருட்டுக்குப் பயந்து கட்டை இழுத்துப்போட்டுதாம். நேர்ஸ்மார் கையைக் கட்டிவைச்சவையாம். இன்னொருக்கா இழுத்தால் கண் போச்சுதெண்டு டொக்டர் சொன்னவராம். வீட்டை வந்தும் கட்டு அவிழ்க்க ஏலாதாம். அந்த மனிசன் என்னட்டைக் கேக்குது, அண்ணாவியார் வாறவரோ, அவரின்ர சத்தம் கேட்டால் நான் பேசாமல் கிடப்பன் எண்டு. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பொய் சொல்லிப்போட்டன். நாளைக்கு வந்து காதைக் குடுத்துக்கொண்டு இருக்கப்போகுது. நான் என்னத்தைக் காட்டுறது?”

ஆடு என்ன சொல்லும்? நான்தான் வேலிக்கு இந்தப் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அம்மாளாச்சி, இந்தச் சத்தியத்தை நீயே திருப்பி எடு என்று மன்றாடினேன்.

கொஞ்ச நேரத்தில் வேலி சரசரத்தது. கட்டின கிடுகை அவளே பிய்த்தாள். தலையைக் குனிந்து பொட்டுக்குள்ளால் வந்து என் முற்றத்தில் நின்றாள். கண் சிவந்திருந்தது. ஆனால் வீறாப்புக் குறையவில்லை.

“அக்கா, நான் சண்டைக்கு வரேல்லை. இரவல் கேட்டு வந்தனான்.”

“என்ன இரவல்? மிளகாய்த்தூளோ?”

“உங்கட குருவியள்.”

நான் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் என்னை அடித்திருப்பாள்.

“கட்டு அவிழ்க்குமட்டும் தாங்கோ. அதுகள் உந்தச் சட்டியிலைதான் பழகிப்போச்சுது போல கிடக்கு. சட்டியைத் தாங்கோ, என்ர குற்றியிலை வைக்கிறன். சட்டியைக் கண்டால் வரும்தானே?”

“கொண்டுபோம்,” என்றேன். சட்டி போனால் போதும், தண்ணீரை நான் எப்படியாவது ரகசியமாக ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

அவள் சட்டியைத் தூக்கினாள். முட்ட முட்டத் தண்ணீர். பொட்டுக்குள்ளால் குனிந்து போகவேண்டுமே. சட்டியைச் சரித்துத் தண்ணீரை என் முற்றத்து மண்ணில் ஊற்றத் தொடங்கினாள்.

“ஐயோ கொட்டாதையும்! நல்ல தண்ணி!”

சத்தியமாக அது நானில்லை. பிறந்த நாள் முதல் குடம் சுமந்த இடுப்புக் கத்தியது. எங்கள் தீவாரின் கண்முன்னால் நல்ல தண்ணீரை மண்ணில் ஊற்றினால் செத்தவளும் எழும்பிக் கத்துவாள்.

மாக்கிறேற்றின் கை அப்படியே நின்றது. விரலைச் சட்டிக்குள் நனைத்து நாக்கில் வைத்தாள்.

“குருவிக்கோ? நல்ல தண்ணியோ? உங்களுக்கென்ன அக்கா, கோயில் கேணியே சொந்தம்?”

இனி மறைத்து என்ன? சொன்னேன். பொட்டடியில் கண்டது, அவர் வந்து கேட்டது, சத்தியம் வாங்கினது எல்லாம் சொன்னேன். அவள் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். “என்ர சோத்துக்கு வரேல்லையோ?” என்று கேட்பாள், கொஞ்சம் நக்கலடிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். அவள் அதைக் கேட்கவில்லை.

“அப்ப அந்த மனிசன் எதைக் குடிச்சது?” என்றாள்.

“கிணத்துத் தண்ணி.”

“ஒவ்வொரு நாளும் செம்பு வெறுமையாத்தானே அக்கா திரும்பி வந்தது. கண் தெரியாத மனிசன், தண்ணியை எண்டாலும் வடிவாக் குடிக்குது எண்டு நான் எத்தினை பேருக்குச் சொன்னனான்.”  நான் பக்கத்தில் போய் இருந்தேன். சட்டியில் மிச்சம் இருந்த தண்ணீரை இரண்டு பேரும் ஒரு துளி சிந்தாமல் பொட்டுக்குள்ளால் கொண்டுபோய்க் குற்றியில் வைத்தோம்.

அடுத்தநாள் அவரைக் காரில் கொண்டுவந்தார்கள். முகத்தில் பாதி வெள்ளைத் துணி. மாக்கிறேற் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். நான் பொட்டடியில் நின்றேன். ஒளித்து நின்றேன் என்று மாக்கிறேற் பிறகு ஊரெல்லாம் சொன்னாள், அது பொய்.

அவருடைய கை கண்கட்டை நோக்கி எழும்பியது.  அந்த நேரம் பார்த்து அண்ணாவியார் வேப்பங்கொப்பில் வந்து இருந்து ஒரு அடி எடுத்துவிட்டார். புலுனிகள் பின்பாட்டு. கை மெல்ல இறங்கி மடியில் கிடந்தது.

“மாக்கிறேற், உம்மட கைச்சோறு அருமை. அதுதான் விட்டிட்டுப் போகேல்லை,” என்றார், ஒன்றும் தெரியாதவர்போல.

“ஓம், ஓம். என்ர கைச்சோறுதான்,” என்று அவளும் ஒன்றும் தெரியாதவள்போலச் சொல்லிக்கொண்டு செம்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் செம்பை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். காது கொடுத்தார். அவள் போய்விட்டாள் என்று நினைத்திருக்கவேண்டும். மற்றக் கையால் சட்டியைத் தடவினார்.

“அதுக்கு ஊத்தியாச்சு,” என்றாள் மாக்கிறேற், காதடியில். “நல்ல தண்ணிதான். விடிய ஒரு குடம் கூடச் சுமந்தனான். இது உங்களுக்கு. குடியுங்கோ, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

அவர் சட்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு செம்பை வாயில் வைத்தார். அண்ணாந்து, இடையில் இறக்காமல், கழுத்து நரம்பு ஏறி இறங்க அடிவரைக்கும் குடித்தார். செம்பை நீட்டினார்.

“இன்னும் கொஞ்சம் கிடக்கோ?” என்று கேட்டார்.

மாக்கிறேற் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செம்பை வாங்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.