தலையா கையுறையா

1

இந்தக் கதை என் யோசனை இல்லை. நொலீன் கேட்டாள். அவள் கேட்டது கதைகூட இல்லை. எங்கள் வாரகல் ஊர்த் திருவிழாவில் அவள் கணவரும் அண்ணனும் ஆண்டுதோறும் வேடமிட்டுப் போடும் சண்டைக்கு ஒரு புதிய முடிவு. அந்தச் சண்டைக்கு ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்பவன் நான். அதனால் நான் எழுத்தாளனாம்.

கணவர் ஷூஜி அதில் சாமுராய், ஜப்பானிய வாள்வீரன். அண்ணன் பிரெண்டன், நைட் எனப்படும் ஐரோப்பியக் கவசவீரன். மற்ற நாட்களில் முன்னவர் பல் வைத்தியர், பின்னவர் பால் லாரி ஓட்டுகிறார். (இது கதைக்குத் தேவையில்லை. கிடக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: "இரு பெரும் வீர மரபுகள் ஒரே மைதானத்தில் —"

வேண்டாம். பாடநூல்.

இரண்டாம் தொடக்கம்: "இருவரும் குதிரையேறினார்கள், இருவரும் எசமானுக்கு உழைத்தார்கள், இருவருக்கும் உழவன்தான் சோறு போட்டான், ஆகவே —"

ஆகவே ஒன்றுமில்லை. இதைக் கேட்க யாரும் வருவதில்லை. யார் ஜெயிப்பார் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் கேட்கிறார்கள். சவ அடக்கத்தில் கேட்கிறார்கள். எந்த நூற்றாண்டு, குதிரை உண்டா, மழையா என்று திருப்பிக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு சண்டையின் நடுவே பிரெண்டனுக்கு நெஞ்சு அடைத்தது. மண்டியிட்டு, வலது கையின் இரும்புக் கையுறையைக் கழற்றி நீட்டினார். கவசவீரர்களின் வழக்கம் அது: சரணடைகிறேன், உயிரோடு பிடித்துக்கொள். ஷூஜி அதைக் காலால் தள்ளிவிட்டு, கழுத்தை வெட்டுவதுபோல் வாளை இறக்கினார். கூட்டம் சிரித்தது. ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

பிரெண்டன் பிழைத்தார். தங்கை வீட்டு வாசலை அதன்பின் மிதிக்கவில்லை.

(அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: ஷூஜி அவமதிக்கவில்லை. மதிக்கத்தக்க எதிரியின் தலையைத்தான் சாமுராய் எடுப்பான். கழுவி, முடி வாரி, பெயர் எழுதிக் கட்டி, எசமானின் முன் வைப்பார்கள். கெஞ்சியவனை உயிரோடு விடுவதுதான் அவனுக்கு இழிவு. இதை பிரெண்டனிடம் விளக்கினேன். "ரொம்ப சந்தோஷம்" என்றார்.)

4

இன்று ஒத்திகை. நொலீன் மிரட்டியதால் இருவரும் வந்தார்கள்.

"மாப்ளே, இந்த வருஷமாவது கண்ணத் தொறந்துட்டு சண்ட போடுவியா?"

"நீங்க எந்திரிச்சு நிக்க கிரேன் சொல்லியாச்சா மச்சான்?"

முடிவு அ: சாமுராய் வெல்கிறான்.

"திரும்பவுமா?" என்றார் பிரெண்டன்.

முடிவு ஆ: கவசவீரன் வெல்கிறான்.

"தோக்கறதப் பத்தி ஒண்ணுமில்ல," என்றார் ஷூஜி. "ஆனா இவரு என் தலைய எடுக்க மாட்டாராம். உசுரோட விட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எசமான் முன்னாடி போறது?"

முடிவு இ: இருவரும் கட்டிப்பிடிக்கிறார்கள்.

இதை நான் படித்ததும் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஓராண்டில் முதல்முறை. என்னைப் பார்த்து.

"நாங்க என்ன, கல்யாண வீடியோவா எடுக்கறோம்?" என்றார் பிரெண்டன்.

தாளைக் கிழித்தேன்.

5

அப்போது பிரெண்டன் மண்டியிட்டார். இது நான் எழுதியதல்ல. கையுறையைக் கழற்றி நீட்டினார்.

ஷூஜியின் முகம் வெளுத்தது. "நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. ஒத்திகைதான்."

ஷூஜி இந்த முறை கழுத்தில் வாளை இறக்கவில்லை. "சரி, இத வாங்கினா நான் என்ன செய்யணும்?"

"கைதிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். உன் மேசைல உக்கார வச்சு சோறு போடணும். மீட்புப் பணம் வர்ற வரைக்கும்."

"யாரு அனுப்புவா?"

"யாரும் அனுப்ப மாட்டாங்க."

ஷூஜி என் பக்கம் திரும்பினார். "எழுதறவர் நீங்கதானே. வாங்கட்டுமா?"

"ஷூஜி கையை நீட்டி —" எழுதி அடித்துவிட்டேன். "ஷூஜி வாளை —" அதையும். நான் எழுதி அவர் செய்தால், அது என் வரி. என் வரிக்காகப் போடப்படும் சோற்றை பிரெண்டன் தொடமாட்டார். இதுகூடப் புரியாமல் ஷூஜி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், படித்த மனிதர்.

நான் எழுதப்போவதில்லை. ஷூஜியின் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஆனால் சீக்கிரம். இரும்பு கனக்கிறது, பிரெண்டனின் கை இறங்கத் தொடங்கிவிட்டது.