உடைத்தவர் வாங்கக் கூடாது

எங்கள் வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. உடைத்தவர் உதிரிப்பாகம் வாங்கக் கூடாது. மற்றவர்தான் கடைக்குள் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டம் போட்டது நான். அக்கா ஒருமுறை பக்கக் கண்ணாடியை மரத்தில் இடித்து நொறுக்கிவிட்டு, அதே ஆத்திரத்தோடு கடைக்குப் போய், கல்யாணப் பெண் முகம் பார்க்கிற அளவுக்கு ஒரு கண்ணாடியை வாங்கிவந்தாள். மாட்டினால் கதவு திறக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்கு எதை வாங்கினாலும் பெரிதாகத்தான் வேண்டும்.

இப்போது போனது பின்பக்க ஆக்சில். இடது சக்கரத்துக்குப் போகிற இரும்புத் தண்டு, வழக்கம்போல அதே இடத்தில், வழக்கம்போல அக்காவின் கையில்.

கை என்று சொல்வது மரியாதைக்காக. கால் என்பதுதான் சரி.

வண்டி நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய டிரக். நான்கு சக்கரமும் இழுக்கும். ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன ஒரு கல்குவாரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையானால் எங்களைப் போல வேலை இல்லாத வேலை பார்க்கிறவர்கள் தங்கள் வண்டிகளோடு அங்கே கூடிவிடுவார்கள். பாறைகள் படிப்படியாக ஏறுகிற ஒரு மூலைக்கு சம்பந்தி மேடு என்று பேர். எவ்வளவு செய்தாலும் திருப்திப்படாது.

அக்கா டவுன் பஸ் டிரைவர். வாரம் முழுக்க அவள் பிரேக் போடுவது உள்ளே நிற்கிறவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டைக் கண்டால் மட்டும் ஆக்சிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதிப்பாள். நான் பல் டாக்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "இடது, இடது, ஐயோ வலது" என்று கத்துவதும், உடைந்ததைக் கழற்றி மாட்டுவதும் என் வேலை.

இந்த முறை கயிறு கட்டி எங்களை மேட்டிலிருந்து கீழே இழுக்கும்போது அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னொரு தடவை நான் இங்க ஆக்சில உடைச்சேன்னா வண்டிய வித்துடலாம். எல்லாரும் சிரிக்கிறாங்கடி."

"சும்மா சொல்றே."

"சும்மா இல்ல. அந்த செங்கல் சூளைக்காரர் ஏற்கெனவே கேட்டுட்டார்."

அக்காவோடு போனில் பேசினால் "சொல்லு, சரி, வை" என்ற மூன்று வார்த்தைகளில் முடிந்துவிடும். வீட்டுக்குப் போனால் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அவள் வாய்விட்டுப் பேசுவதும் சிரிப்பதும் அந்த வண்டிக்குள்தான். வண்டி போனால் என் அக்காவும் விசேஷ வீடுகளில் மட்டும் பார்க்கிற அக்காவாகிவிடுவாள். எனக்கு அது வேண்டாம்.

உதிரிப்பாகக் கடைக்காரரை நாங்கள் 'அப்புறம்' என்றுதான் சொல்வோம். எதைக் கேட்டாலும் எடுத்துவைத்துவிட்டு "அப்புறம்?" என்பார். மேஜைமேல் மூன்று தண்டுகளை வரிசையாகக் கிடத்தினார். முதலாவது, உடைந்ததற்கு அண்ணன் தம்பி. இரண்டாவது அதே பருமன், ஆனால் உசத்தி இரும்பு. மூன்றாவது என் முழங்கை கனம் இருந்தது.

"தடியா இருக்கறத எடுடி!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. சட்டப்படி அக்கா படியைத் தாண்டக் கூடாது. கழுத்து மட்டும் தாண்டியிருந்தது.

நான் யோசித்தேன். தடித் தண்டு முறியாது, சரி. ஆனால் அக்காவின் கால் சும்மா இருக்குமா? அந்த அடி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? நேரே இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் உருண்டையாக இருக்கிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டிக்குள் போய் அதன் பற்களைத் தெறிக்கவிடும். தண்டு முறிந்தால் குவாரியிலேயே உருவிவிட்டு முன்சக்கரத்தை வைத்து வீடு வந்து சேரலாம். டிஃபரன்ஷியல் போனால் வண்டி படுத்த படுக்கைதான். எங்கள் பழைய மாடலுக்கு வேறு ஒன்று தேடிப் பிடிப்பதற்குள் எங்களுக்குத் தலை நரைத்துவிடும். ஏதாவது ஒன்று உடையத்தான் போகிறது. எது உடையலாம் என்பதைத்தான் நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடுத்தண்டை எடுத்தேன்.

"அப்புறம்?" என்றார் கடைக்காரர்.

அப்புறம் நடந்தது வெளியே. அக்கா பொட்டலத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏன்டி, அவ்வளவு பெருசு கண்ணு முன்னால இருக்கு, நீ இத தூக்கிட்டு வர்றே?"

நிதானமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கும் அதே அம்மாவின் கோபம்தானே வந்து சேர்ந்திருக்கிறது. "உன் கால தாங்குற ஆக்சில் எந்தக் கடையிலயும் இல்லக்கா. சக்கரம் அந்தரத்துல நிக்கிறப்ப மிதிக்கிறே. அது கிறுகிறுன்னு சுத்திட்டு வந்து பாறையில உட்காருது. முறியாம என்ன செய்யும்?"

நடுத்தெருவில் அக்காவின் முகம் சுண்டிப்போனது. "தினம் எத்தனை பேரு என்னை நம்பி உசுரக் குடுத்து உட்கார்றாங்க தெரியுமா உனக்கு?" என்றாள். திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

அந்த வாரம் முழுக்க மாமாதான் தூது. சேறென்றாலே மூக்கைப் பொத்துகிற மனிதர், பாவம், என் அக்காவைக் கட்டிக்கொண்ட குற்றத்துக்காக போனைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்.

"ஏம்மா, தண்ட மாட்டியாச்சான்னு உங்க அக்கா கேட்கச் சொன்னா."

"அவ பக்கத்துலதானே இருக்கா?"

"இருக்கா. முறைக்கிறா."

மாட்டியாகிவிட்டது. ஞாயிறு குவாரியில் சம்பந்தி மேட்டுக்கு முன்னால் அக்கா வண்டியை நிறுத்தினாள். இறங்கினாள், சுற்றி வந்தாள், என் பக்கக் கதவைத் திறந்தாள்.

"தள்ளு. நீயே ஓட்டு. எல்லாம் தெரியுதுல்ல?"

சமதரையில் ஓட்டுவேன். அந்த மேட்டில் ஒருநாளும் ஓட்டியதில்லை. செங்கல் சூளைக்காரர் வேறு கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ரோஷம் யாரை விட்டது? போய் உட்கார்ந்தேன்.

முதல் பாறை ஏறியது. இரண்டாவதும் ஏறியது. நானே எனக்கு சபாஷ் போட்டுக்கொண்டேன். மூன்றாவதில் மூக்கு தூக்கியது. பாறை மறைந்தது, பாதை மறைந்தது, கண்ணாடி முழுக்க வெறும் வானம். இடதுபக்கம் தரையை விட்டுக் கிளம்புவது இருக்கையிலேயே தெரிந்தது. இப்போது காலை எடுக்க வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான்தானே நடுத்தெருவில் பாடம் எடுத்தவள்! ஆனால் கால் என்னைக் கேட்காமலே போய் அழுத்தியது.

டங்.

வண்டி மெதுவாகப் பின்னால் சரிந்து கீழே வந்து நின்றது. இடது ஆக்சில் முறிந்த சத்தம் அது. வண்டி போயிற்று, அதையும் நானே கெடுத்தேன். அழுகை வந்துவிட்டது.

"வித்துடாதக்கா," என்றேன்.

திரும்பிப் பார்த்தால் அக்கா சேலைத் தலைப்பு இல்லாத குறைக்கு சட்டைக் கையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். பிறகு அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தாள். "கால் கொஞ்சம் கனமோ, டாக்டரம்மா?"

"மேல போனா ஒண்ணுமே தெரியல. வானம்தான் தெரியுது. பயந்துட்டேன்."

சிரிப்பு மெல்ல நின்றது. அக்கா முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் அதான்டி. ஒவ்வொரு தடவையும். பஸ் ஓட்டறவ பயமா இருக்குன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? அதான் மிதிச்சிடுறேன்."

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக அவள் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவள் பயப்படுகிறாள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "போதும், வேர்வை ஒட்டுது," என்று உதறினாள்.

சக்கரத்தின் நடுவில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றித் தண்டை உருவினோம். உள்ளே தங்கிய துண்டை அக்கா கம்பியில் காந்தம் கட்டி மீன் பிடிப்பதுபோல வெளியே எடுத்தாள். பிழிந்த துணி மாதிரி முறுக்கியிருந்தது. விளக்கடித்து உள்ளே பார்த்தேன். டிஃபரன்ஷியலில் ஒரு பல்கூடப் போகவில்லை.

முன்சக்கரம் இழுக்க வீடு திரும்பும் வழியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்ப வண்டி?"

"நான் உடைச்சா விக்கலாம்னு சொன்னேன். நீ உடைச்சா விக்கலாம்னு எப்ப சொன்னேன்?"

மறுநாள் கடை வாசலில் நான் நின்றேன். உடைத்தவள் நான், சட்டம் சட்டம்தான். அக்கா உள்ளே போய், மேஜைமேல் கிடந்த முழங்கை கனத் தண்டை ஆசையோடு ஒருமுறை தடவிக் கொடுத்தாள். பிறகு அதை ஓரமாக நகர்த்திவிட்டு நடுத்தண்டைத் தொட்டாள்.

"இதுல ரெண்டு குடுங்க. ரெண்டும் இடது பக்கத்துக்கு."

"எதுக்கும்மா ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு வாசல்ல நிக்கிறாளே, அவளுக்கு."

கடைக்காரர் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். "அப்புறம்?"

"அப்புறம் என்ன," என்றாள் அக்கா, "உடைச்சிட்டு வர்றோம்."