சுவர் இல்லாத தண்ணீர்

நாற்பத்து மூன்று வயதில் கடலில் நீந்தப் போகிறேன் என்றதும் என் நாத்தனார் குள்ளம்மாள் முதலில் சிரித்தாள், பிறகு ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். சொல்லட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். கொச்சியில் போட்டி நடப்பதைப் போனில் பார்த்ததும் நான்தான், பெயர் கொடுத்ததும் நான்தான். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குத் தனிப் பிரிவு. கோட்டைப் பக்கத்துக் கரையில் இறங்கி, கப்பல் போகிற கால்வாயைச் சாய்வாகக் கடந்து, எதிர்க்கரைப் படித்துறையைத் தொட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் தொடாதவர்களைப் படகில் ஏற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் குமாருக்கு அந்தப் படகுதான் கண்ணை உறுத்தியது.

"படகுல ஏத்திக்கிட்டு வந்தாங்கன்னா, நாளைக்கு நம்ம இண்டூர் பஸ் ஸ்டாண்டுல எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு எறங்கறது?" என்று கேட்டார்.

தொட்டுவிட்டுத்தான் ஊருக்கு வருவேன் என்று நானும் வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

கொச்சியில் ரோஸிலி அம்மா வீட்டில் தங்கினோம். வெள்ளைக்காரன் காலத்து வீடு. கையகலத் தடிமனில் கதவு, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் மரக்கூரை. மாடி அறையை வாடகைக்கு விட்டு, காலைச் சாப்பாடும் போடுகிறார் அந்த அம்மா. வராந்தாவில் உட்கார்ந்தால் கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் எதிரிலேயே போகும். குமார் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றார்.

முதல் நாள் காலையில் ஒரு கூத்து. அடுத்தவர் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட எங்களுக்குக் கை வராது. விடிந்ததும் நான் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டேன். குமார் தென்னை மட்டைகளை இழுத்து ஓரமாக அடுக்கினார். ஆளுக்கு ஓர் ஆப்பம் மட்டும் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவப் போனபோது, ரோஸிலி அம்மா சமையலறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். தமிழும் மலையாளமும் கலந்து, சாப்பாடும் வாடகையில் சேர்ந்ததுதான், வயிறார உண்ணுங்கள் என்றார். அறைக்குத்தான் காசு, சாப்பாடு அவர் மனசு என்று நாங்கள் நினைத்திருந்தோம். விஷயம் தெரிந்ததும் குமார் திரும்ப உட்கார்ந்து இன்னும் நான்கு ஆப்பம் சாப்பிட்டார். எனக்கு மானம் போயிற்று.

போட்டிக்கு முந்தின நாள், பழகிப் பார்க்கக் கடலில் இறங்கினேன். உப்பு கண்ணைக் கரித்ததே தவிர, தண்ணீர் தூக்கிக் கொடுத்தது. இவ்வளவுதானா கடல் என்று கெத்தாக நீந்தினேன். எதிரே தெரிந்த கோபுரத்தைக் குறிவைத்துக் கை வீசிப் போனவள், நிமிர்ந்து பார்த்தால் புறப்பட்ட கரையே முன்னால் நிற்கிறது. மறுபடி போனேன். மறுபடியும் அதே கரை. மூன்றாவது தடவையும் அப்படித்தான்.

கரையில் சிரித்துக்கொண்டிருந்த குமார் மூன்றாம் முறை சிரிக்கவில்லை.

"செக்கு மாடாட்டம் வலப்பக்கமாவே சுத்தறயே காவேரி."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் எனக்கு வாய்த்தது வட்டக் கிணறு. ஆறு வயதிலிருந்து இடக்கைப் பக்கம் சுவரை வைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நீந்தியவள் நான். சுவர் வளைந்தபடி உடம்பும் வளைந்து பழகிவிட்டது. இங்கே சுவர் இல்லை, வளைவு மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது. அன்று மாலை ரோஸிலி அம்மா கொடுத்த டீ ஆறிக் கிடந்தது. பயமாக இருந்தது. ஊரில் போய் என்ன சொல்வது என்பதைவிட, இத்தனை வருஷமும் நீச்சல் தெரியும் என்று நினைத்ததே பொய்யோ என்றுதான் அதிகம் வலித்தது.

நாற்பது தாண்டியவர்களுக்குத் துணையாக ஆளுக்கொரு சின்ன வள்ளம் கூட வரும், அதில் உறவுக்காரர் ஒருவர் ஏறலாம் என்று சொல்லியிருந்தார்கள். குமார் ஏறமாட்டார் என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். மனுஷன் ஒகேனக்கல்லில் பரிசலில்கூட ஏறாதவர். கிணற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் பட்டால் முகம் வெளுத்துவிடும்.

அவர் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் வள்ளத்துல வரேன். உனக்கு எடப்பக்கமா ஓட்டச் சொல்றேன். என்னையே கெணத்துச் செவுருன்னு நெனச்சிக்க."

"பயமில்லீங்களா?"

"பயந்தான். அதுக்கென்ன இப்ப."

மறுநாள் காலை விசில் ஊதியதும் குதித்தேன். என் இடப்பக்கம் வள்ளம். பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து மூடித் திறந்து, வேட்டி நனைய உட்கார்ந்திருந்தார் என் சுவர். நான் அவரைப் பார்த்தே நீந்தினேன். அவர் நேராகப் போனார், நானும் நேராகப் போனேன். எங்களோடு சேர்ந்தே இறங்கிய வேறு பிரிவுச் சின்ன வயசுப் பெண்கள் சிலரைத் தாண்டியபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அலை ஒன்று வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. அவர் வாய் ஏதோ சாமி பெயரைச் சொன்னது, கண் மட்டும் என்னை விட்டு நகரவில்லை.

படித்துறை தெரிகிற தூரத்தில் மிதவைகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். வள்ளம் நின்றுவிட்டது. துணைப் படகுகள் அதைத் தாண்டக் கூடாதாம். இது எங்களுக்கு யாரும் சொல்லாத சட்டம்.

குமார் வள்ளக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு என் பக்கம் குனிந்தார்.

"இனிமே செவுரு இல்ல காவேரி. நீயே போயிக்க. உன்னால முடியும்."

போனேன். பத்துக் கை வீசுவதற்குள் உடம்பு வலப்பக்கம் இழுத்தது. இழுத்தால் இழுக்கட்டும் என்று விடுகிற நேரம் இல்லை அது. தலையைத் தூக்கிப் படியைப் பார்த்தேன், திருப்பினேன். மறுபடி இழுத்தது, மறுபடி திருப்பினேன். கோணல்மாணலாக, குடித்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போனேன். தோள் எரிந்தது. உப்புத் தண்ணீரை விழுங்கினேன். ஒரு தடவை பாதி வட்டமே அடித்துவிட்டு, என்னை நானே திட்டிக்கொண்டு திரும்பினேன். ஆனால் ஒவ்வொரு திருப்பலுக்கும் படித்துறை பெரிதாகிக்கொண்டே வந்தது.

கல்லைத் தொட்டேன். பாசி வழுக்கியது. மேலே நின்ற பையன் கை நீட்டினான், வேண்டாம் என்று நானே ஏறினேன். நேரம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று மைக்கில் சொன்னார்கள். என் பிரிவில் நான்காவதோ ஐந்தாவதோ வந்தேன், அதைக் கேட்டுக்கொள்ளக்கூட இல்லை. திரும்பிக் கடலைப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீரையும் நான் தாண்டி வந்திருக்கிறேன். நெஞ்சு நிறைந்து அழுகையாக வந்தது, அழுதேன்.

தூரத்தில் மிதவைகளுக்கு அந்தப் பக்கம், ஆடுகிற வள்ளத்தில், எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தார் குமார்.