பன்னிரண்டு குவளைத் தேநீர்

நெம்மேலியில் கடலைக் குடித்து உப்பை உமிழும் பெரும்பொறிகள் ஓய்வறியாது முழங்கிக்கொண்டிருக்க, மாமல்லபுரத்துத் தெருக்களில் அன்றைய முதல் உளி இன்னும் கல்லைத் தொடாதிருக்க, பனி சுமந்த பனைகளின் ஊடே மாசித் திங்களின் விடியல் சாம்பல் நிறத்தில் மெல்லப் பரவியது. அங்கிருந்து தெற்கே, பாலாறு தன் பெயரை மட்டும் சுமந்துகொண்டு வெண்மணலாய்க் கிடந்து கடலைச் சேரும் கழிமுகத்தில், கழிமேடு என்னும் சிற்றூர் உறக்கம் கலைந்தது. கற்றறிந்த அன்பரே, வடக்கே கடல் நன்னீராகிக் குழாய்களின் வழியே பெருநகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அதே விடியலில், இங்கே நன்னீர் யாரும் அறியாமல் கடலாகிக்கொண்டிருந்தது.

ஆற்றுமணலில் இறக்கிய கிணற்றிலிருந்து அச்சிற்றூரின் நீர்த்தொட்டிக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக நீரேற்றி வருபவள் வரலட்சுமி. பொறியை முடுக்கி, முதல் நீர் பீறிட்டு வந்ததும் வலக்கையைக் குழித்து ஒரு வாய் ஏந்தி, நாவில் சற்று நிறுத்தி, விழுங்கி, சரியென்று தனக்குள் சொல்லிக்கொண்ட பிறகே தெருக்குழாய்களுக்குத் திறந்துவிடுவாள். அந்த நாவின் பொருட்டே அவளுக்கு ஒரு சிறப்பும் வந்து சேர்ந்தது. ஆற்றுநீரை மேலூர்களும் கீழூர்களும் பகிர்ந்துகொள்வது பற்றி மாவட்ட ஆட்சியருக்கு அறிவுரை கூறச் செங்கற்பட்டில் பன்னிருவர் கொண்ட குழு ஒன்று அமைந்தபோது, கடைக்கோடி ஊரின் உறுப்பினராக அவளை அமர்த்தினார்கள். குழுவின் தலைவர் பாஷ்யம், ஓய்வு பெற்ற நீர்ப்பொறியாளர். அளவுக்கருவிகள் பொய்த்ததைத் தம் வாழ்நாளில் பலமுறை கண்டவராதலால், குடிப்பவரின் நாவையே சான்றாகக் கொள்ளும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தியிருந்தார். ஆற்றின் போக்கிலேயே மேலூரில் தொடங்கி ஒவ்வொருவரையும் கேட்பார். சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொள்வார்.

தைத்திங்கள் கூட்டத்தில் தன் முறை வந்தபோது, "நல்லாத்தான் கீதுங்க அய்யா," என்று வரலட்சுமி சொன்னாள். உண்மையென்று நம்பியே சொன்னாள். அந்த ஒரு வரியின்மேல், கழிமுகத்தில் உவர்ப்பில்லை, ஆதலால் மேலே உள்ள தடுப்பணையின் அடைப்புப் பலகைகளைத் தூக்கி மழைக்காலம் வரை கீழே நீர் விட வேண்டியதில்லை என்னும் அறிவுரை எழுதப்பட்டது. மாசிக் கூட்டத்தில் அதை மறுமுறை படித்து, மறுப்பில்லையெனில் ஆட்சியருக்கு அனுப்பிவிடுவார்கள்.

அக்கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், அணுபுரத்திலிருந்து அவளுடைய தமக்கை மகள் சிநேகா வந்தாள். இரண்டாண்டுகளுக்குப் பின் வருகிறாள். வெயிலில் வந்த களைப்பில் நீர்ச்சொம்பை அப்படியே வாயில் கவிழ்த்தவள், மறுகணமே வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"இன்னாடி ஆச்சு?"

"இதையா சித்தி குடிச்சிகினு கீறீங்க? கடலு மாரி கரிக்குது!"

வரலட்சுமி எஞ்சியதை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். "நல்லாத்தானே கீது."

"நாக்கு செத்துப்போச்சா உனக்கு?" என்று சிநேகா சிரித்தாள். சித்தி சிரிக்காததைக் கண்டு, தானும் நிறுத்திக்கொண்டாள்.

அன்று மாலை, குவளையில் நீரை ஏந்திக்கொண்டு வரலட்சுமி வீடு வீடாகச் சென்றாள். எல்லாரும் குடித்தார்கள், எல்லாரும் எப்போதும் போலத்தான் இருக்கிறதென்றார்கள். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் மட்டும் சற்று நினைத்துப் பார்த்து, மகிழ்ச்சியோடு சொன்னாள்: "தண்ணி தெரில. ஆனா உப்பு மிச்சமாவுதுடி. முன்னெல்லாம் மாசம் ரெண்டு பாக்கெட்டு வாங்குவேன், இப்ப ஒன்னே காலியாவ மாட்டேங்குது. ரேசன் கடைக்காரன் நல்ல உப்பா போடறான் போல."

அழுகை வரும் என்று வரலட்சுமி காத்திருந்தாள், வரவில்லை. சினமும் வரவில்லை. மரத்துப்போன காலைப் பிறர் கிள்ளுவதைக் கண்ணால் மட்டும் பார்த்திருப்பவரைப் போல, தன் ஊருக்கு நேர்ந்ததையும், அது நேரவில்லையென்று தானே சான்று கூறியதையும், சற்று விலகியிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாளில் வந்திருந்தால் ஊரே கூக்குரலிட்டிருக்கும். நாளுக்கொரு துளியாய், விருந்தாளியைப் போல் மெதுவாய் நுழைந்து, வீட்டாளாகவே ஆகிவிட்ட உப்பை யார் அடையாளம் காட்டுவது?

கூட்ட நாளன்று, ஒரு குடிநீர்க் கலத்தில் ஊர்நீரை நிரப்பி, பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு செங்கற்பட்டு சேர்ந்தாள். ஏரிக்காற்று வரும் அந்த அலுவலகத்தின் பின்கட்டில் தேநீர் வைப்பவர் தாவீது.

"அண்ணாத்த, இன்னிக்கி இந்தத் தண்ணில டீ போடு."

"இன்னா தங்கச்சி, ஊர்லருந்து மினரல் வாட்டரா? நம்ம கேன் தண்ணிக்கு இன்னா கொற?"

"எங்க வூட்டுத் தண்ணி. போடேன்."

தாவீது தோளைக் குலுக்கிவிட்டுக் கலத்தை வாங்கிக்கொண்டார்.

உள்ளே பாஷ்யம் தைத்திங்கள் குறிப்பைப் படித்து முடித்து, "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று நிமிர்ந்தார். வரலட்சுமி எழுந்தாள்.

"அய்யா, அன்னிக்கி நான் சொன்னது தப்பு. எங்க தண்ணி உப்புதான்."

மேலூர்ப் பாசனத்தாரின் உறுப்பினர் கிச்சா நாற்காலியில் சாய்ந்தார். "என்னம்மா, ஒரே மாசத்துல நாக்கு கட்சி மாறிடுத்தா?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்த பாஷ்யம் கனிவாகவே கேட்டார்: "வரலட்சுமி, இப்ப நீங்க குடிச்சா உப்பு தெரியறதா?"

ஆம் என்னும் ஒரு சொல் போதுமாயிருந்தது. ஒன்பது கல் தொலைவுக்கு மணலடியில் நன்னீர் ஊறி, கடலைப் பின்னுக்குத் தள்ளும் அளவுக்குப் போதுமாயிருந்தது. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாக நாவில் படாத ஒன்றைப் பட்டதென்று சொல்லாத வாய் அது.

"இல்லீங்க. எனக்குத் தெரில."

"தெரியாததை நான் எப்படிம்மா எழுதறது?"

அவள் அமர்ந்தாள். அப்போது தாவீது தட்டோடு உள்ளே வந்தார். பன்னிரண்டு குவளைகள் மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொருவர் முன்னும் அமர்ந்தன. பேச்சுக்கிடையில் ஒவ்வொரு கையும் குவளையை எடுத்தது. ஒவ்வொரு வாயும் ஒரு மிடறில் நின்றது. கிச்சாவின் குரலே முதலில் எழுந்தது.

"யோவ் தாவீது! சக்கரைன்னு நெனச்சு உப்பைப் போட்டுட்டியா?"

"நாலு கரண்டி சக்கரை சார், சத்தியமா! அந்தம்மா கொண்டாந்த தண்ணி."

மீண்டும் சிரிப்பு எழும்போலிருந்தது, எழவில்லை. பாஷ்யத்தின் பார்வை மேசையை வலம் வந்துகொண்டிருந்தது. ஒரு மிடறு மட்டும் குறைந்து, உதடு பட்ட தடத்தோடு ஒதுக்கி வைக்கப்பட்ட குவளைகள் பதினொன்று. பன்னிரண்டாவது குவளை வெறுமையாய் இருந்தது. அதன் அடியில் தூள்கூட இல்லாமல் குடித்து முடித்திருந்த வரலட்சுமி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் தன்னையே நோக்குவதன் பொருள் விளங்காமல் அமர்ந்திருந்தாள். சான்று காட்டவென்று அவள் குடிக்கவில்லை. பயணத்தில் வந்த விடாய், தேநீர் நன்றாயிருந்தது, குடித்தாள்.

கிச்சா தம் குவளையை மீண்டும் எடுத்து, இன்னொரு மிடறு குடித்துப் பார்த்து, தலை குனிந்து வைத்தார். பாஷ்யம் தைத்திங்கள் வரியைத் தம் கையாலேயே அடித்தார். பலகைகள் இரண்டை இருபது நாள் தூக்கிவைக்க வேண்டுமென்று எழுதினார். மறுப்பு உண்டா என்று கேட்டார். இல்லை.

குழு சொல்லலாம், பலகையைத் தூக்கும் கை வேறு. இருபது நாள் என்ற அறிவுரை அலுவலகங்களைக் கடந்து அணைக்கு வந்து சேர்ந்தபோது ஒன்பது நாளாகியிருந்தது. ஆயினும் நீர் வந்தது. வெண்மணலில் ஒரு நரம்பைப் போல மெலிந்து வந்து, மணலுக்குள் இறங்கி மறைந்தது. பங்குனி முடிவில் மீண்டும் வந்த சிநேகா ஒரு சொம்பு முழுக்கக் குடித்து, "இப்பதான் சித்தி தண்ணி தண்ணியா கீது," என்றாள்.

மறுநாள் விடியலில் வரலட்சுமி பொறியை முடுக்கி, வலக்கையைக் குழித்து முதல் நீரை ஏந்தினாள். நாவில் நிறுத்தினாள். சப்பென்றிருந்தது, ஏதோ ஒன்று குறைவதாகத் தோன்றியது. நல்ல நீர் இதுதான் என்று மற்றவர் சொன்னதை நினைவிலிருந்து எடுத்து, தன் நாவின்மேல் வைத்து, விழுங்கினாள். இழந்ததை அறியாதிருப்பது ஓர் இழப்பு. திரும்பி வந்ததையும் அறியாதிருப்பது அதனினும் பெரிது. சரியென்று தனக்குள் சொல்லிக்கொள்ளாமலே, தெருக்குழாய்களுக்குத் திறந்துவிட்டாள்.