இருபத்து மூன்று நாள் முறிவு

நகர்மன்றக் கூட்டம் என்றால் பாதி நேரம் பேச்சிலேயே போய்விடும். அன்றும் அப்படித்தான். பொருள் எண் ஒன்று, கால்வாய்க்கு மூடி போடும் திட்டம். அதற்குப் பேச எழுந்த உறுப்பினரை ஆபீஸில் எல்லோரும் 'மைக் மாமா' என்றுதான் சொல்வார்கள். மைக் கைக்குப் போனால் திரும்பி வராது. நாற்பது நிமிடம் முழங்கிவிட்டு, "சுருக்கமா முடிச்சுக்கிறேன்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மற்ற நாளாக இருந்தால், தலைவர் பக்கத்தில் தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருக்கும் எழுத்தரம்மா உள்ளுக்குள் சிரித்திருப்பாள். அன்றைக்கு, பேசுங்க மாமா, இருட்டுற வரைக்கும் பேசுங்க என்று வேண்டிக்கொண்டிருந்தாள். பொருள் எண் மூன்று வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

பொருள் எண் மூன்று, நகராட்சியின் குழந்தைகள் காப்பகம். வெளியிலிருந்து வரும் மானியத்தில் நடப்பது. இந்த வருடம் மானியத்தைக் குறைத்துவிட்டதால் ஐந்து தற்காலிக ஆயாக்களில் நாலு பேருக்குத்தான் இடம். மூன்று வருடம் பணியில் முறிவில்லாமல் வேலை பார்த்தவர்கள் இருக்கலாம், முறிவு உள்ளவர் போகவேண்டும் என்று மானியக் கடிதமே சொல்லிவிட்டது. ஐந்து பேரில் ஒருத்திக்குத்தான் முறிவு. அவள் எழுத்தரம்மாவின் நாத்தனார், கணவரின் கடைசித் தங்கை. புருஷன் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் வளர்க்கிறாள்.

அந்த முறிவு எப்படி வந்தது என்பது அண்ணிக்கும் நாத்தனாருக்கும் மட்டும்தான் தெரியும்.

போன வருடம் ஒரு மாதத் தொடக்கத்தில் எழுத்தரம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இருபத்து மூன்று நாள் கூடவே இருந்தவள் நாத்தனார். குளிக்க வைத்தாள், தலை துவட்டினாள், கழிப்பறைக்குத் தோள் கொடுத்துக் கூட்டிப்போனாள். பெற்ற மகள்கூட அப்படிச் செய்யமாட்டாள், சத்தியமாகச் செய்யமாட்டாள். லீவு லெட்டரை முதல் நாளே எழுதி நீட்டினாள்.

"அண்ணி, பதிவேடு உங்ககிட்டதானே இருக்கு. ஆபீஸ் போனதும் ஏத்திடுங்க."

"அத நான் பாத்துக்கறேன். நீ கவலைய விடு."

தற்காலிக ஊழியரின் லீவு அந்தந்த மாதத்துக்குள் பதிவேட்டில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் அது லீவே இல்லை, பணி முறிவு. இதை ஆபீஸில் எல்லோருக்கும் பாடம் எடுத்தவளே எழுத்தரம்மாதான். மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது வேலைக்குத் திரும்பினாள். தலைக்கு மேல் வேலை கிடந்தது. சுத்தமாக மறந்துபோனாள். சம்பளமில்லாத லீவு என்பதால் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு வாரம் முன்பு இந்தக் கூட்டத்துக்காகப் பணியாளர் பட்டியல் போடும்போதுதான் அந்தக் காலிக் கட்டங்கள் கண்ணில் பட்டன. கைப்பையைக் கவிழ்த்தாள். மருத்துவமனைச் சீட்டுகளோடு லெட்டரும் மடித்தபடியே விழுந்தது. அதை எடுத்துக்கொண்டு கமிஷனர் அறை வாசல் வரைக்கும் போனாள். அடுத்த மாதம் கண்காணிப்பாளர் பதவி உயர்வு வருகிறது. பதினெட்டு வருடம் காத்திருந்த பதவி. இந்த நேரத்தில் ஒரு மெமோ வந்தால் அதோடு போச்சு. திரும்பி வந்து, 'பணி முறிவு: 23 நாள்' என்று தட்டச்சு செய்து கையெழுத்துக்கு அனுப்பினாள். சீ, என்ன பிறவி நான் என்று அப்போதே தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம், விரல் நிற்கவில்லையே.

கூட்டத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே நாத்தனார் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அண்ணி, நான் லெட்டர் குடுத்தேன்ல?"

"குடுத்த, குடுத்த. கூட்டத்துல பேசிக்கலாம். நான் இருக்கேன்ல?" என்று பூசி மெழுகி அனுப்பிவைத்தாள்.

கால்வாய் முடிந்தது. பூங்கா வேலியும் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. தலைவர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "மூணாவது, காப்பகம். அந்த ஆயாவ வரச் சொல்லுங்க" என்றார். நாத்தனார் உள்ளே வந்து கதவோரமாகவே நின்றுகொண்டாள். இஸ்திரி போட்ட புடவை. இங்கே வருவதற்காகவே போட்டிருப்பாள்.

"இருபத்து மூணு நாள் வரலியேம்மா, ஏன்?"

"வீட்டுல உடம்பு சரியில்லைங்க மேடம். கூட இருந்து பாத்துக்கிட்டேன்."

யாருக்கு என்று அவள் சொல்லவில்லை. மைக் மாமா பாய்ந்தார்; இந்த முறை நல்லதுக்காக. "பாவம்ங்க, ரெண்டு பிள்ளைங்களை வச்சிருக்கு. லீவு லெட்டர்னு ஒண்ணு குடுத்திருந்தா அத வச்சே முறிவ நீக்கலாமே? மன்றத்துக்கு அதிகாரம் இருக்கா இல்லையா?"

"இருக்கு. லெட்டர் இருந்தா இப்பவே சரி பண்ணிடலாம்" என்றார் கமிஷனர்.

லெட்டர் எழுத்தரம்மாவின் காலடியில், கைப்பைக்குள் இருந்தது. குனிந்து எடுக்க இரண்டு விநாடி போதும். நாத்தனார் தன்னையே பார்க்கிறாள் என்பது நிமிராமலே தெரிந்தது. நிமிரவில்லை.

"சொல்லும்மா, லெட்டர் குடுத்தியா?"

எழுத்தரம்மா தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"இல்லைங்க மேடம். குடுக்க மறந்துட்டேன். தப்பு என் மேலதான்."

மைக் மாமா 'ப்ச்' என்று உட்கார்ந்துவிட்டார். தீர்மானத்தை எழுதி, ஓட்டுக்கு முன் சத்தமாகப் படிப்பது எழுத்தரின் வேலை. எழுதினாள். எழுந்து நின்று படித்தாள். "மேற்படி ஊழியர் விடுப்பு மனு கொடுக்கத் தவறியதைத் தாமே ஒப்புக்கொண்டதால், அவரைப் பணியிலிருந்து விடுவிக்க இம்மன்றம் தீர்மானிக்கிறது." குரல் தடுமாறவே இல்லை. பதினெட்டு வருடப் பழக்கம். கைகள் உயர்ந்தன. ஏகமனதாக நிறைவேறியது.

தேநீர் இடைவேளையில் வெளியே ஓடினாள். நாத்தனார் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்ன?" ஐயோ, கேட்பதற்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லை. "குடுத்தேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தன பேர் முன்னாடி உங்கள மாட்டிவிட மனசு வரல அண்ணி." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நான் இல்லைன்னு சொன்னா, நீங்களே எந்திரிச்சு நின்னுடுவீங்கன்னு நினைச்சேன்."